எழுத்தெண்ணத் தெரியாத பொறி

பத்தாம் வகுப்பில் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தியின் பெயர் 'பொன்' என்று தொடங்குவது. தூய தமிழ்ப்பெயர், பெற்றோர் எண்ணியெண்ணி இட்ட பெயர். ஓர் அமைப்பினர் நடத்திய கட்டுரைப் போட்டியில் அவள் முதற்பரிசு பெற்றாள். இணையத்தில் பெயரைத் தட்டெழுதிச் சான்றிதழைப் பெற்றுக்கொள்க என்றனர். தட்டெழுதினாள். 'இப்பெயரில் எவரும் இலர்' என்று திரை விடை கூறிற்று. ஒருமுறையன்று, ஒன்பது முறை. பிழையாக எழுதியிருப்பாள் என்று முதலில் நானும் அவளையே கடிந்துகொண்டேன். பின்னர் நானே எழுதிப் பார்த்தேன். எனக்கும் அதே விடைதான். தொலைபேசியில் முறையிட்டபோது அங்கிருந்த இளைஞர், "ஆங்கிலத்தில் பதிந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திராதே, ஐயா" என்றார்.

குற்றம் பொறியில், பழி மொழியின்மேல்! தமிழ்நாட்டில் இவ்வாறு நாடோறும் எத்தனை பெற்றோர், 'நமக்கேன் இந்த வம்பு' என்று பிள்ளையின் பெயரை உரோம எழுத்திலேயே பதிந்துவிட்டு வீடு திரும்புகின்றனரோ, யாரறிவார்?

பொங்கல் விடுமுறைக்கு ஊர் வந்திருந்த என் பழைய மாணவர் ஒருவர் மென்பொருள் எழுதும் தொழிலர். அவரிடம் இதனைக் காட்டினேன். சிறிது நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் எழுதிய 'பொ' வேறு ஐயா, அவர்கள் பதிந்து வைத்திருக்கும் 'பொ' வேறு" என்றார். "ஒரே எழுத்து எப்படித் தம்பி வேறாகும்?" என்றேன். மாலையில் தொடங்கிய அப்பேச்சு முடியும்போது இரவு மணி பதினொன்று. அதன்பின் நானும் பைத்தான் என்னும் நிரல்மொழியைச் சிறிது கற்று, மாணவர்க்கென்று தொகுத்துவரும் சொல்லடைவை அதன்வழி ஒழுங்குசெய்யத் தொடங்கினேன். அம்முயற்சியில் பட்டறிந்தவற்றை நம் நிரலாளர் தம்பிமார்க்கும், மென்பொருளை விலைகொடுத்து வாங்கும் பள்ளி, மன்றம், அச்சகத்தார்க்கும் சொல்லிவைப்பது கடமை எனக் கருதி இதனை எழுதுகின்றேன்.

நம்மவர் ஒரு குறையை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். கணிப்பொறியா கணினியா, சுட்டியா சுண்டெலியா என்று நாம் இட்ட வழக்குகளுக்கு அளவில்லை. சொல்லாக்கம் வேண்டுவதே, அதனை நான் இகழேன். ஆனால் அக் கணிப்பொறி தமிழை எண்ணத் தெரியாமலும், நிரல்படுத்தத் தெரியாமலும், புள்ளியைத் தின்றுகொண்டும் இருப்பதை நாம் பாராமுகமாய் விட்டுவிட்டோம்.

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண்ணிட்டுத் தரும் பொதுத்திட்டமே ஒருங்குறி. அதன் முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தது. தமிழுக்கு ஒதுக்கிய கட்டத்தில் 128 இடங்களே உள. 247 எழுத்துடைய மொழிக்கு 128 இடம் எவ்வாறு போதும் எனின், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியெண் தரப்படவில்லை. ககரத்துக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண், கொம்புக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண் என்று உடலையும் உறுப்பையும் பிரித்து எண்ணிட்டனர். அதற்கு அடிப்படையாய் அமைந்தது இந்திய மொழிகளுக்கென 1988-இல் வகுக்கப்பட்ட இசுக்கி என்னும் குறியீட்டு முறை. அது நாகரி எழுத்தை அச்சாக வைத்து வார்க்கப்பட்டது. ஐயமிருப்பின் தமிழ்க் கட்டத்தைத் திறந்து பாருங்கள். ககரத்துக்கு அடுத்த மூன்றிடங்கள் வெற்றிடம். அவற்றின் பின்னரே ஙகரம். அம் மூன்றும் வடமொழி வருக்க எழுத்துகளுக்கு இட்ட இருக்கைகள். விருந்தினர் வாராத பந்தியில் விரித்த இலைகள்போல அவை இன்றும் வெறுமையாய்க் கிடக்கின்றன.

இன்னொன்றையும் இலக்கணம் கற்றோர் உற்றுநோக்க வேண்டும். மெய் புள்ளியோடு நிற்பதே அதன் இயற்கை. அகரம் ஏறும்போது அப்புள்ளி நீங்கும் என்பது தொல்காப்பியர் கண்ட நெறி. ஒருங்குறியில் இது தலைகீழ். அங்கே 'க' முதற்பொருள்; புள்ளி பின்னர் வந்து ஒட்டும் சேர்க்கை. சேர்க்கை என்று ஒருமுறை கருதிவிட்டால், தேவையில்லாதபோது களைந்துவிடலாம் என்ற எண்ணம் நிரலாளர்க்கு எளிதில் வந்துவிடுகின்றது. கீழே கூறப்போகும் கேடுகளுட் சில இங்கிருந்தே கிளைப்பவை.

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? முதல் வகுப்புக் குழந்தை மூன்று என்னும். பைத்தானையோ சாவாசுகிரிப்டையோ கேட்டால் ஐந்து என்னும். த, ம, கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களை அது எண்ணுகின்றது. யூடிஎப்-8 முறையில் கோப்பில் சேமிக்கும்போது ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்டு இடம் கொள்ளுமாதலின், பைட்டுக் கணக்கில் அது பதினைந்து. 'தொல்காப்பியம்' நமக்கு ஏழு எழுத்து, பொறிக்குப் பதின்மூன்று, பைட்டில் முப்பத்தொன்பது.

எண்ணிக்கைதானே, பிழைத்தால் என்ன என்பார் உளர். பெயருக்கென்று இருபதிடம் ஒதுக்கிய படிவத்தில் தமிழர் பெயர் பன்னிரண்டாம் எழுத்திலேயே முட்டி நிற்கும். இடம் போதாதபோது பொறி தானே வெட்டும். வெட்டுமிடம் எழுத்தின் நடுவாயும் அமையும். 'முருகன்' ஏழு குறியெண். ஆறோடு வெட்டினால் 'முருகன'. குறுஞ்செய்தியிலும் இக்கணக்கே நம் கைப்பொருளைத் தின்கின்றது. உரோம எழுத்தாயின் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழாயின் 70 குறியெண். நம் எழுத்துக் கணக்கில் அது ஏறத்தாழ நாற்பது. பள்ளியிலிருந்து பெற்றோர்க்குச் செய்தி விடுப்போர் இதனை நினைவிற்கொண்டு எழுதினால் ஒரு செய்திக்கு மூன்று செய்தியின் விலை கொடுக்க வேண்டிவராது.

தலைப்பெழுத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பெயருக்கு முன் தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டும் எனத் தமிழ்நாட்டரசு 2021-ஆம் ஆண்டின் இறுதியில் ஆணையிட்டது, நன்று. ஆனால் தந்தை பெயர் 'முத்து' என்று பதிந்தால் தலைப்பெழுத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் மென்பொருள் 'மு' என்று எடுப்பதில்லை; முதற் குறியெண்ணாகிய 'ம'-வை மட்டும் கிள்ளி எடுக்கின்றது. 'தேவன்' மகன் 'த' ஆகின்றான். 'கோவலன்' மகள் 'க' ஆகின்றாள்.

இதற்கு மருந்து உண்டு. புதிதாக எவரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உடலையும் உறுப்பையும் சேர்த்து ஓர் எழுத்தாக எண்ணும் முறையை ஒருங்குறித் திட்டமே வகுத்துத் தந்துள்ளது. உலாவிகளில் இயங்கும் சாவாசுகிரிப்டில் 'இண்டல் செகுமெண்டர்' என்னும் கருவி 'தமிழ்' என்பதைத் த, மி, ழ் என மூன்றாகப் பகுத்துத் தரும். 2024-இல் பயர்பாக்சும் இதனை ஏற்றபின், பெரிய உலாவிகள் அனைத்திலும் இது கிடைக்கின்றது. பைத்தானுக்கு 'ஓப்பன் தமிழ்' என்னும் கட்டற்ற நிரலகம் உண்டு. எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் செயற்கூறு அதில் அமைந்துள்ளது. எண்ணல், வெட்டல், திருப்பல், முதலெழுத்தெடுத்தல் ஆகிய நான்கனுள் எதனைச் செய்யினும் முதலில் எழுத்தாகப் பிரித்துக்கொண்டு பின்னர்ச் செய்க. திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றும்படி அணிசெய்ய விரும்புவோர்க்கும் இதுவே நெறி. இல்லையேல் புள்ளி தனியே ஒரு வெற்று வட்டத்தின்மேல் வந்து குந்தும். அந்தக் காட்சியைப் பல இணையப் பக்கங்களில் கண்டு நொந்திருக்கின்றேன்.

இனி, அம்மாணவியின் 'பொ'வுக்கு வருவோம். ஒகர உயிர்மெய்யைப் பொறியில் இருவகையில் எழுதலாம். பகரத்தை அடுத்து ஒகரக் குறி என ஒரே குறியெண் இடலாம். அன்றிப் பகரத்தை அடுத்துக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒரே உரு. தொல்காப்பியத்தைப் பதின்மூன்று என்றேனே, பிரித்தெழுதினால் அதுவே பதினான்காகிவிடும். எந்த விசைப்பலகையில், எந்தப் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டது என்பதைப் பொறுத்து ஒருவர் முன்னதையும் மற்றொருவர் பின்னதையும் பதிந்துவிடுகின்றனர். பொறி எண்ணோடு எண்ணை ஒப்பிடுவதால் 'இலர்' என்கின்றது. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கேடு.

இவ்விரண்டும் ஒன்றே என்று ஒருங்குறியும் ஏற்கின்றது. ஒன்றாக்கும் வழியையும் தருகின்றது. 'என்எப்சி' என்று நிரலாளர் வழங்கும் இயல்பாக்கம் அது. பைத்தானில் 'யூனிகோடு டேட்டா' என்னும் கூற்றிலும், சாவாசுகிரிப்டில் எழுத்துச்சரத்தின் 'நார்மலைசு' என்னும் செயற்கூற்றிலும், போசுட்கிரெசு தரவுத்தளத்தின் 13-ஆம் பதிப்பு முதலாகவும் அது கிடைக்கின்றது. ஒரே வரி. பெயரைப் பதியும்போது ஒருமுறை, தேடவரும்போது ஒருமுறை. அந்த ஒற்றை வரியை எழுதாமையால் ஒரு பெண் தன் பரிசை இழந்து நின்றாள்.

இயல்பாக்கத்தால் தீராத பிழைகளும் உள. அவை நம் கண்ணை ஏமாற்றுபவை. ரகர மெய்யையும் காலின்மேல் புள்ளி வைத்ததையும் வேறுபடுத்திக் காட்டாத எழுத்துருக்கள் பல. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட பனுவல்களில் 'அவர்' என்பது அகரம், வகரம், கால், புள்ளி எனப் பதிந்து கிடக்கின்றது. படிப்பவர்க்கு வேறுபாடு தோன்றாது. தேடுபவர்க்கு ஒருபோதும் அகப்படாது. தமிழில் காலின்மேல் புள்ளி ஏறுவதில்லையாதலின், எங்குக் காணினும் தயங்காது ரகர மெய்யாக மாற்றிவிடலாம். 'ஔவை'யின் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாய் இரண்டெழுத்தாக எழுதுவதும் இவ்வகையே. ஆனால் இதனைக் கண்மூடி மாற்றலாகாது. 'ஒளவை' பிழை, 'ஒளி' பிழையன்று. சொல்லறிந்து மாற்றுக. நம் இதழ்கள் விரும்பி இடும் தமிழ் எண்களிலும் இவ்விடர் உண்டு. ஏழு என்னும் எண்ணும் எகரமும் உருவில் ஒப்பன. இரண்டு என்னும் எண்ணும் உகரமும் அவ்வாறே. எண்ணுக்கு மாறாக எழுத்தை இட்டுவிட்டால் கண்ணுக்கு ஆண்டு, பொறிக்கு வெறுஞ்சொல். செவ்வையாக இட்ட தமிழ் எண்ணைப் பைத்தான் எண்ணாகவே கொண்டு கூட்டிக் கழிக்கும். சாவாசுகிரிப்டு கொள்ளாது, நாம்தாம் மாற்றித் தரவேண்டும். முந்திரி, காணி, மா முதலிய கீழ்வாய் எண்களுக்கும் 2019-இல் ஒருங்குறியின் 12-ஆம் பதிப்பில் தனிக்கட்டம் கிடைத்தது. அவை நான்கு பைட்டு கொள்வன. மைஎசுகியூஎல் தரவுத்தளத்தில் மூன்று பைட்டோடு நின்றுவிடும் பழைய முறையை விடுத்து 'யூடிஎப்8எம்பி4' என்பதைத் தேர்ந்தாலன்றிப் பழைய ஓலைக் கணக்குகளை அதில் ஏற்றவியலாது.

புள்ளியைத் தின்னும் பொறியைப் பற்றிச் சொன்னேன். ஐரோப்பிய மொழிகளில் எழுத்தின் தலைமேல் ஒலிக்குறி இடுவர். தேடலை எளிதாக்கவும் இணைய முகவரி ஆக்கவும் அக்குறிகளைக் களைவது அவர்தம் நிரலாளர் வழக்கம். அதற்கென எழுதிய செயற்கூறு, தனக்கென இடங்கொள்ளாது மேலே அமரும் குறிகள் என்னும் வகையை முற்றாக நீக்கும். தமிழில் அவ்வகையில் வைக்கப்பட்டவை எவை? புள்ளியும் ஈகாரக் குறியும்! ஆகவே அச்செயற்கூற்றில் இட்ட 'மீன்' 'மன' ஆகின்றது. 'வீடு' 'வடு' ஆகின்றது. அவர்கட்கு ஒலிக்குறி அணிகலன். நமக்குப் புள்ளி உயிர்நிலை. தமிழுரையில் இக்களைவை ஒருபோதும் செய்யற்க.

நிரலாளர் 'ரெகுலர் எக்சுபிரசன்' என்று வழங்கும் தேடற்கோவையிலும் இதே கண்ணி உண்டு. 'சொல்லெழுத்து' என்று பைத்தானின் இயல்பான தேடற்கோவை கொள்வது குறிகளை அல்ல, உடல்களை மட்டுமே. சொற்களாகப் பிரி என்றால் 'தமிழ்' என்பதைத் 'தம', 'ழ' என்று இரண்டாக உடைத்துக் கொடுக்கும். 'ரெஜெக்சு' என்னும் தனி நிரலகத்தைப் பயன்படுத்தின் இக்குறை நீங்கும். பெயர்க் கட்டத்தில் எழுத்துமட்டுமே வரலாம் என்று காவல் வைப்போர், எழுத்து வகையோடு குறி வகையையும் சேர்த்து இசைவு தரவேண்டும். தராவிடின் 'உங்கள் பெயரில் ஏற்கத்தகாத குறிகள் உள்ளன' என்று பொறி கூறும். தமிழன் பெயர் தமிழ்நாட்டிலேயே ஏற்கத்தகாதது!

அகரவரிசைக்கு வருகின்றேன், என் சொல்லடைவால் நான் மிக வருந்திக் கற்ற இடம் இது. பொறியை 'வரிசைப்படுத்து' என்றால் குறியெண் வரிசையில் அடுக்கும். அவ்வரிசையோ மேலே சொன்ன நாகரி அச்சில் வார்த்தது. நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம்; லகரத்தின்பின் ளகரமும் ழகரமும் வந்த பின்னரே வகரம். சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே ஒரு கிரந்த எழுத்து வேறு வந்து அமர்ந்திருக்கின்றது. ஆகவே 'அவல்' முன்னும் 'அழல்' பின்னும் வரவேண்டிய இடத்தில் அழல் முந்திக்கொண்டது. நாம் வகுப்பிற் கற்பிக்கும் முறையில் 'கட்டு' முன்னது, 'கடல்' பின்னது. பொறியில் புள்ளியின் எண் எல்லா உடலெழுத்துக்கும் பிற்பட்டதாதலின், கடலெல்லாம் கடந்த பின்னரே கட்டு வந்தது. நிரல் என்றாலே ஒழுங்கு என்பது பொருள். 'நிரல்' என்று பெயரிட்டு நாம் போற்றும் பொருள் நிரல்படுத்தத் தெரியாமல் நின்றதைக் கண்டு சிரிப்பதா அழுவதா என்றறியாது இருந்தேன்.

இதற்கும் தீர்வு முன்னரே உண்டு. ஐசியு என்னும் நிரலகத்தில் தமிழுக்குரிய வரிசை நெறி அமைந்துள்ளது. மெய் முந்தி உயிர்மெய் பிந்தும். யரலவழளறன என்னும் முறையும் பிறழாது. சாவாசுகிரிப்டில் 'இண்டல் கொலேட்டர்' என்பதைத் தமிழ் எனக் குறித்து அழைத்தால் போதும். போசுட்கிரெசில் 10-ஆம் பதிப்பு முதல் ஐசியு வழிப்பட்ட தமிழ் வரிசை கிடைக்கின்றது. பைத்தானுக்கும் ஐசியுவைப் பொருத்தும் இணைப்பு உண்டு. மாணவர் பெயர்ப்பட்டியல், வாக்காளர் பட்டியல், நூலகப் பட்டியல் எதுவாயினும், வாங்குவோர் கேட்கவேண்டிய முதல் வினா, 'அவலும் அழலும் எம்முறையில் வரும்?' என்பதே.

இவ்வளவு கேட்டபின், 'அடிப்படையே பழுதாயின் அதனை மாற்றுவதன்றோ முறை' என்று கேட்கும் அன்பர் நம்மிடையே உளர். கேள்வி நேரியதே. எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தனியெண் தரும் 'டேசு-16' என்னும் குறியீட்டை அறிஞர்கள் ஆக்கினர். தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றபோது, ஒருங்குறி இயங்காவிடத்துப் பயன்படுமாறு அதனையும் ஏற்று ஆணையிட்டது. ஆனால் அது அமைந்திருப்பது ஒருங்குறியில் தனியார் பயன்பாட்டுக்கென விடப்பட்ட பகுதியில். அதில் எழுதியதை உலகின் தேடுபொறிகளோ கைப்பேசிகளோ தமிழென்று அறியா. தன்மானத்தோடு தனித்து நின்று எவர்க்கும் கேளாமற் பேசுவதால் மொழிக்கு ஆவதென்ன? 1991-இல் இழைத்த தவற்றை நான் மறக்கச் சொல்லவில்லை. அத்தவற்றின்மேல் எழுப்பிய வீட்டிற்றான் இன்று நம் பிள்ளைகள் குடியிருக்கின்றனர். கூரை ஒழுகும்போது கடைக்காலைப் பற்றி வழக்காடிக்கொண்டிருத்தல் ஆகாது என்கின்றேன். மாற்றுக் கருத்துடையார் எழுதுக.

அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் தமிழ்க் கோப்பு சிதைந்து வந்தால் எழுத்தர்கள் அஞ்சி மறுபடியும் முழுதும் தட்டெழுதத் தொடங்குவதைக் கண்டிருக்கின்றேன். சிதைவில் மூவகை உண்டு. வெறுங்கட்டங்கள் தோன்றினால் எழுத்துரு இல்லை என்பதே பொருள். உரை பழுதின்றி உள்ளே இருக்கின்றது. தலைமேற் சாய்கோடிட்ட உரோம 'ஏ'யும் வட்டத்துள் 'ஆர்' இட்ட வணிகக் குறியும் மாறிமாறி வந்தால், யூடிஎப்-8-இல் எழுதியதை வேறு முறையாகப் பொறி படிக்கின்றது என்றறிக. படிக்கும் முறையை மாற்றினால் தமிழ் மீளும். தமிழ் எழுத்தின் முதலிரு பைட்டுகள் பெரும்பாலும் அவ்விரண்டாகவே தோற்றுமாதலின், இது பிழைபடாத அடையாளம். எக்செலில் பட்டியலைத் திறக்கும்போது பெரும்பாலும் நேர்வது இதுவே. ஆனால் வினாக்குறிகள் வரிசையாக நின்றால், உரை போயிற்று. முன்படி இருந்தாலன்றி மீளாது. அந்நிலையில் கோப்பை மேலும் மேலும் சேமித்து, இருந்த முன்படியையும் அழித்துவிட வேண்டா.

சான்றிதழ் அச்சிடுவோர்க்கு ஒன்று. 'பெ' என்பதைப் பொறி உள்ளே பகரம், கொம்பு என்னும் முறையில் வைத்திருக்கும். கொம்பை முன்னே கொணர்ந்து காட்டுவது எழுத்துருவை இணைக்கும் நிரலகத்தின் பணி. ஆர்ப்பசு என்னும் கட்டற்ற நிரலகம் அதனைச் செவ்வனே செய்கின்றது. பிடிஎப் கோப்பு ஆக்கும் சிறுகருவிகள் சில இதனைச் செய்யாது, வைத்த முறையிலேயே வரைந்துவிடுகின்றன. கொம்பு பின்னே தொங்கும். எளிய வழி, சான்றிதழை இணையப் பக்கமாக ஆக்கி உலாவியிலிருந்தே பிடிஎப்பாக அச்சிடுவது. உலாவி அப்பணியைத் தானே செய்துகொள்ளும்.

இறுதியாக, நிரலாளர் செய்யும் பிழைகளுள் புலவராகிய நாமே துணைநிற்க வேண்டியது ஒன்றுண்டு. 'முருகன் க்கு ஒரு மடல்', 'வீடு இல் இருந்து' என்று திரைகளில் வருவதைக் கண்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னே ஒரு சிறுசொல்லை வைத்தால் வேற்றுமை முடிந்தது. தமிழில் பெயரின் ஈறே திரியும். மரம் மரத்தை ஆகும். வீடு வீட்டில் ஆகும். முருகன் உகரச் சாரியை பெற்று முருகனுக்கு ஆவான். இத்திரிபெல்லாம் நிரலில் எழுதுவது இயலாததன்று, ஆயின் அரிது. அதுவரை, வெற்றிடத்தில் வந்து பொருந்தும் பெயர் எழுவாயாகவே நிற்குமாறு தொடரை அமைத்துவிடுக. 'மடல் பெறுநர்: முருகன்' என்றால் எந்த ஈறும் திரியவேண்டா. '1 நூல்கள்' என்னும் கொடுமைக்கும் இவ்வாறே. அஃறிணையில் எண்ணுப்பெயர் முன்நின்றால் பன்மையீறு கட்டாயமன்று; 'பத்து நூல்' என்பது பிழையற்ற தமிழ். எனவே 'நூல்' என்று ஒன்றை மட்டும் எழுதிவைத்தால் ஒன்றுக்கும் பொருந்தும், பத்துக்கும் பொருந்தும். ஆங்கிலத்துக்கு இல்லாத இந்த எளிமை நமக்கு இருக்க, அவர்தம் பன்மைச் சிக்கலை நாம் ஏன் தலையில் தூக்கிக்கொள்ள வேண்டும்?

நானும் அம்மாணவரும் சேர்ந்து ஒரு தாளில் சில சொற்களை எழுதி வைத்துள்ளோம். தமிழ், தொல்காப்பியம், இருவகைப் 'பொன்', மீன், வீடு, அவல், அழல், கட்டு, கடல், ஔவை, முத்து, தமிழ் எண்ணில் ஓர் ஆண்டு. பள்ளிக்கு எந்த மென்பொருளை விற்கவரினும், விற்பவர் முன்னிலையில் இவற்றை ஒவ்வொன்றாய் இட்டு எண்ணவும் தேடவும் வெட்டவும் அடுக்கவும் அச்சிடவும் செய்து பார்க்கின்றோம். கால்மணி நேரம் போதும். சென்ற முறை வந்தவர் 'வீடு' 'வடு' ஆனதைக் கண்டு முகம் சிவந்தார். எனினும் நல்லவர், தாளைப் படியெடுத்துக்கொண்டு போனார். போட்டி நடத்திய அமைப்பினர்க்கும் ஒரு படி விடுத்தோம். மூன்று கிழமை கழித்து அம்மாணவி மறுபடி தன் பெயரைத் தட்டெழுதினாள். சான்றிதழ் வந்தது. அதில் 'பொ'வின் கொம்பு மட்டும் பகரத்துக்குப் பின்னே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் இப்போது எழுதியிருக்கின்றோம்.